‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லத் தெரிந்த தேடல் கருவி: சிறப்புத் தேடலுக்கு இடம் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

“சார், ஊக்க ஊதிய உயர்வை நிறுத்தின அரசாணை யார்கிட்டயாவது இருக்கா? நம்பர் 37னு ஞாபகம்.”

ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழும். பத்து நிமிடத்தில் மூன்று பிடிஎஃப் வரும். ஒன்று வேறு துறையின் 37. இன்னொன்று வேறு வருடத்தின் 37. மூன்றாவதுதான் கேட்டது: பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை, நாள் 10.03.2020. அதையும் யாரோ கைபேசியில் கோணலாகப் படமெடுத்திருப்பார்கள். “இதுக்கப்புறம் ஏதோ தெளிவுரை வந்துச்சே?” என்று ஒருவர் கேட்பார். குழு அமைதியாகிவிடும். அடுத்து யாராவது ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம் சொல்வார்.

ஒரு குறிப்பிட்ட விஷயத்தை மட்டும் தேடித் தரும் சிறப்புத் தேடல் கருவி செய்ய நினைப்பவர் கவனிக்க வேண்டியது அந்த அமைதியைத்தான். கூகுள் எதையாவது காட்டினால் அது இருக்கிறது என்று தெரியும். காட்டாவிட்டால், உண்மையிலேயே இல்லையா, எங்கோ இருந்தும் கண்ணில் படவில்லையா என்று தெரியாது. ஒரு சின்ன வட்டத்தை முழுசாகத் திரட்டி வைத்திருக்கும் கருவிதான் “இதற்குப் பிறகு எதுவும் வரவில்லை, கடைசி இதுதான்” என்று சொல்ல முடியும். அந்த ‘இல்லை’ எங்கே யாருக்காவது தேவைப்படுகிறதோ, அங்கே ஒரு கருவிக்கு இடம் இருக்கிறது என்பது என் கணக்கு. அரசாணைத் தேடலையே உதாரணமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்து முதல் வடிவம் வரை போகலாம்.

படி 1: தேடுகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்

பெரும்பாலானோர் தலைப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விவசாயத்துக்கு ஒரு தேடுபொறி, சித்த மருத்துவத்துக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று என்று. தலைப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு சீக்கிரம் அந்த முயற்சி படுத்துவிடும். ஆளிலிருந்து ஆரம்பியுங்கள்.

அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கும் நண்பர் ஒருவர் பக்கத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்குப் பழைய சுற்றறிக்கை ஒன்று வேண்டும். கூகுளில் முதலில் தமிழில் அடித்தார். பிறகு அதையே ஆங்கிலத்தில். பிறகு கடைசியில் ‘பிடிஎஃப்’ சேர்த்து. பிறகு வருடத்தைச் சேர்த்து. கடைசியில் கூகுளை மூடிவிட்டுத் தன் ஜிமெயிலைத் திறந்தார். எப்போதோ தனக்குத் தானே அனுப்பி வைத்திருந்தாராம், அதில் கிடைத்தது. ஒருவர் தன் அஞ்சல் பெட்டியையே தேடுபொறியாக வைத்துக்கொண்டு பிழைக்கிறார் என்றால், அங்கே ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம்.

இது மாதிரி வேறு தடயங்களும் உண்டு. ஒரே கேள்வி மாதம் தவறாமல் குழுவுக்குத் திரும்பி வரும். ‘புதியது இறுதி 2’ என்ற பெயரில் ஓர் எக்செல் தாள் கைமாறிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம், “அவரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்” என்று சொல்லப்படுகிற மனிதர். டூவீலர் உதிரிபாகக் கடையில் இருப்பாரே, எந்த வண்டிக்கு எந்த வண்டியின் கிளட்ச் பிளேட் சேரும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர், பத்திரம் எழுதுகிறவர், சங்கத்தில் சீனியராக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இவர்கள் ஒவ்வொருவரும் நடமாடும் சிறப்புத் தேடுபொறி. அவர்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டாலே உங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. “இப்படி ஒரு கருவி வந்தா பயன்படுத்துவீங்களா?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் “சூப்பர் சார்” என்றுதான் சொல்வார்கள். “கடைசியா எப்ப தேடினீங்க? என்ன டைப் பண்ணீங்க? எவ்வளவு நேரம் ஆச்சு? கடைசியில எப்படிக் கெடைச்சுது?” என்று கேளுங்கள். கடைசியாக எப்போது தேடினோம் என்றே நினைவில்லாதவருக்கு உங்கள் கருவி தேவைப்படாது.

படி 2: பெரிய தேடுபொறி எதனால் தோற்கிறது என்று பெயர் சொல்லுங்கள்

‘கூகுள் சரியில்லை’ என்பது காரணமாகாது. விளம்பரம் அதிகம், குப்பை அதிகம் என்பதெல்லாம் எரிச்சல். அதை நம்பிக் கருவி கட்ட முடியாது. 2008இல் ஆரவாரமாக வந்த ‘கூல்’ தேடுபொறி 2010இல் மூடப்பட்டது. விளம்பரமே இல்லாமல் சந்தா வாங்கி நடத்தப்பட்ட ‘நீவா’ 2023இல் பொதுத் தேடலைக் கைவிட்டது. இரண்டுமே கூகுள் செய்யும் அதே வேலையைக் கொஞ்சம் மேலாகச் செய்யப் பார்த்தவை.

நின்று பிடித்தவற்றைப் பாருங்கள். 2008இல் வந்த ‘டின்ஐ’யில் சொல்லுக்குப் பதில் படத்தைக் கொடுத்துத் தேடலாம். 2009இல் வந்த ‘ஷோடன்’ வலைப்பக்கங்களை விட்டுவிட்டு இணையத்தோடு இணைந்திருக்கும் கேமரா, ரௌட்டர், சர்வர்களைத் தேடுகிறது. பெங்களூரில் 2006இல் தொடங்கிய ‘ரெட்பஸ்’ தேடித் தந்த தகவல் அதுவரை இணையத்திலேயே இல்லை. எந்தப் பேருந்தில் எத்தனை இருக்கை காலி என்பது டிராவல்ஸ் ஏஜென்ட்களிடம் சிதறிக் கிடந்தது. நிரலாளர்கள் தேடுவதற்குப் புள்ளி, அடைப்புக்குறி, அரைப்புள்ளி எல்லாமே முக்கியம். பொதுத் தேடுபொறிகள் பெரும்பாலும் அவற்றை உதறிவிடும். அதனால்தான் கூகுளே 2006இல் நிரல் தேடலுக்கென்று தனியாக ஒன்றை வைத்தது. 2012இல் அதை மூடியும் விட்டது. அந்தப் பாடத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடித் தரும் ‘இந்தியன் கானூன்’ தளம். அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவராக இருந்த சுஷாந்த் சின்ஹா 2008 ஜனவரியில் அதைத் தொடங்கினார். தீர்ப்புகள் அப்போதே அரசுத் தளங்களில் இருந்தன. ஆனால் வழக்கறிஞருக்கு வேண்டியது ‘இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவைப் பற்றி நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன’ என்பது. அவர் சட்டங்களைச் சின்னச் சின்னப் பிரிவுகளாக உடைத்து, ஒவ்வொரு பிரிவையும் தனி ஆவணமாக்கி, தீர்ப்புகளோடு இணைத்தார். தேடலின் அலகு மாறியது. மற்றவர்கள் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இவர் பிரிவைத் தேடவைத்தார்.

நம் அரசாணைக்கு வருவோம். எங்கெல்லாம் இடறுகிறது?

முதலாவது, எண். அரசாணை எண் துறைக்குத் துறை தனி வரிசை; ஒவ்வோர் ஆண்டும் 1இலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆக, ‘அரசாணை 37’ என்பது பேருந்தில் ‘முருகன்’ என்று கூப்பிடுவது மாதிரி. துறை, ஆண்டு, வகை, எண் நான்கும் சேர்ந்தால்தான் ஒரு முகவரி. இரண்டாவது, துறையின் பெயரே மாறும். மேலே சொன்ன பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறைக்கு 2021 முதல் மனிதவள மேலாண்மைத் துறை என்று பெயர். மூன்றாவது, பல கோப்புகள் வெறும் ஸ்கேன் படம். நான்காவதுதான் பெரிய இடறல்: தேடுகிறவர் கேட்பது ‘அரசாணை எங்கே’ என்று மட்டும் இல்லை, ‘அது இன்னும் நடப்பில் இருக்கிறதா’ என்று. எந்த ஆணையை எந்த ஆணை திருத்தியது, எது ரத்து செய்தது என்ற சங்கிலிதான் இங்கே தேடலின் அலகு. கூகுள் காட்டும் பத்து நீல இணைப்புகளுக்குள் அந்தச் சங்கிலி அடங்காது.

உங்கள் யோசனைக்கும் இப்படி மூன்று நான்கு இடறல்களைப் பெயர் சொல்லி எழுத முடிகிறதா பாருங்கள். ஒன்றுதான் தேறுகிறது என்றால், கூகுள் அதை அடுத்த வருடமே சரிசெய்துவிடலாம்.

படி 3: இருபது கேள்விச் சோதனை

நிரலில் ஒரு வரி எழுதும் முன் இதைச் செய்யுங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் ஆறு மாதம் கழித்து வருத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

உண்மையான ஆட்கள் கேட்ட இருபது கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே, எழுத்துப்பிழையோடு எழுதி வையுங்கள். நீங்களாகக் கற்பனை செய்த கேள்வி ஒன்றுகூட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கையால் தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுதுங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறியுங்கள். பிறகு அதே இருபதையும் கூகுளில் போட்டு, முதல் பக்கத்தில் விடை வருகிறதா என்று பாருங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அவை அரசாணை எண்ணைப் பிசகாமல் தருவது போலவே தரும். மூலத்தைத் திறந்து சரிபார்க்காமல் மதிப்பெண் போடாதீர்கள்.

இருபதில் பதினைந்துக்குக் கூகுளே சரியான விடை தந்தால், அங்கே உங்களுக்கு வேலை இல்லை. ஐந்தாறுக்குத்தான் வருகிறது, கையால் தேடினால் ஒவ்வொன்றுக்கும் அரை மணி ஆகிறது என்றால் மேலே படியுங்கள். கையால் தேடியும் பாதிக்கு விடை கிடைக்கவில்லை என்றால் சிக்கல் தேடலில் இல்லை, தரவே வெளியில் இல்லை. ரெட்பஸ் மாதிரி இறங்கிச் சேகரிக்க உங்களால் முடியுமா என்பது தனிக் கேள்வி.

இந்த இருபதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருவி வந்த பிறகு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இதே தாளை வைத்துத்தான் நல்லதா கெட்டதா என்று பார்க்கப் போகிறீர்கள்.

படி 4: தரவு முழுசாகக் கிடைக்குமா, எடுக்கலாமா

‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமானால் எல்லாம் கையில் இருக்க வேண்டும். எல்லாம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? வரிசை எண் உள்ள தரவில் இது எளிது. ஒரு துறையின் 2019ஆம் ஆண்டு ‘நிலை’ வகை அரசாணைகளில் 1 முதல் 210 வரை வைத்திருக்கிறீர்கள், நடுவில் 44ம் 97ம் இல்லை என்றால் ஓட்டை எங்கே என்று கண்ணால் பார்த்துவிடலாம். சிலவற்றை அரசு வெளியிட்டிருக்காது, அது வேறு. ஆனால் எது உங்களிடம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், பயனரிடமும் சொல்லலாம். சமையல் குறிப்பு, சுற்றுலாத் தலம் மாதிரி தலைப்புகளில் இந்த வசதியே இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது: வரிசை எண், பதிவு எண், தேதி என்று ஏதாவது ஒரு முதுகெலும்பு உள்ள தரவாகப் பாருங்கள். தீர்ப்பு, டெண்டர், காப்புரிமை, அரசிதழ், பாடத்திட்டம், உதிரிபாக எண் எல்லாம் இந்த வகைதான்.

அளவும் சின்னதாக இருக்கட்டும். எல்லாத் துறைகளையும் எடுக்காமல் பள்ளிக்கல்வித் துறை ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே துறையை முழுசாக வைத்திருப்பவரை ஆட்கள் நம்புவார்கள். நாற்பது துறைகளில் பாதிப் பாதி வைத்திருப்பவரிடம் மறுமுறை வரமாட்டார்கள்.

அடுத்து, எடுக்கலாமா. தானியங்கி நிரல்கள் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தளம் எழுதி வைத்திருக்கும் ரோபாட்ஸ் கோப்பு என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில விநாடி விடுங்கள். அரசுத் தளங்கள் பல நோஞ்சான். நீங்கள் அவசரப்பட்டால் அது படுத்துவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்புகளையும் அரசிதழில் வெளியான பலவற்றையும் மறுபதிப்புச் செய்ய இடம் தருகிறது. அரசிதழில் வராத ஆவணத்துக்கு அந்தச் சலுகை தானாகப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். சிறு பகுதியைக் காட்டி, முழுதுக்கு மூலத் தளத்துக்கே அனுப்பிவிடுவது உத்தமம்.

ஆட்களின் பெயர் வரும் தரவு என்றால் இன்னும் கவனம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2024இல் ஒரு தீர்ப்பைத் தளத்திலிருந்து நீக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் இந்தியன் கானூனுக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆவணம் பொதுவெளியில் இருப்பது ஒன்று, பெயரை அடித்ததும் அது முதலில் வந்து நிற்பது வேறொன்று. இடமாறுதல் ஆணைகளில் ஊழியர் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். அவற்றைத் தேடல் அட்டவணையில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

படி 5: முதல் வடிவமும் தமிழ் போடும் முட்டுக்கட்டையும்

முதல் வடிவத்துக்குப் பெரிய படை வேண்டாம். பத்து தளங்களுக்குள் மட்டும் தேடினால் போதும் என்றால் கூகுளின் புரோகிராமபிள் சர்ச்சில் அந்தப் பத்து முகவரியைக் கொடுத்து அரை மணியில் சோதித்துவிடலாம். சில ஆயிரம் ஆவணங்கள் என்றால் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருள் போதும். எலாஸ்டிக்சர்ச் மாதிரி பெரிய தேடல் மென்பொருள் எல்லாம் பிறகு. (அதன் வேரே ஒரு சின்னத் தேடல்தான். ஷே பேனன் தன் மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேட ஒன்று செய்யப் போய், 2010இல் அது எலாஸ்டிக்சர்ச்சாக வந்து நின்றது.)

எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடலான எஃப்டிஎஸ் 5ஐ அப்படியே போட்டீர்கள் என்றால் தமிழ் உடைந்துபோகும். அதன் இயல்பான அமைப்பு எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோட் கணக்கில் நம் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் எழுத்து இல்லை, ‘குறி’. அதனால் குறி வந்த இடத்தில் சொல் முடிந்தது என்று அது நினைத்துக்கொள்ளும். ‘அரசாணை’ என்ற சொல் ‘அரச’, ‘ண’ என்று இரண்டாகும். ‘படி’, ‘படு’, ‘படை’ மூன்றும் ‘பட’ ஆகிவிடும். அகவிலைப்படியைத் தேடுகிறவருக்கு என்னென்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க என் நிரலில் பிழை தேடிவிட்டு, ராத்திரிதான் இதைக் கண்டுபிடித்தேன். எந்தெந்த யூனிகோட் வகைகளைச் சொல்லுக்குள் சேர்க்கலாம் என்று சொல்ல அதிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. குறி வகைகளையும் அதில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது, பார்க்க ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருப்பவை. ‘கொ’வில் வரும் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆவணத்தையும் கேள்வியையும் ஒரே யூனிகோட் இயல்புருவுக்கு, அதாவது ஒரே வகைக் குறியீட்டு வடிவத்துக்கு, மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

பழைய கோப்புகளில் யூனிகோட் அல்லாத பாமினி மாதிரி எழுத்துருக்கள் கிடக்கும். திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி வரும். பொதுத் தேடுபொறிக்கு அந்தப் பக்கம் முழுக்க உளறல். எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை இருந்தால் அதை யூனிகோடாக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பழைய கோப்புகளுக்குப் பெரும்பாலும் யாரும் அதைச் செய்வதில்லை, அதனால் அது உங்களுக்கான இடம். ஸ்கேன் படங்களுக்கு, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் பழைய ‘னை’, ‘லை’ வடிவங்களைப் பார்த்து அது தடுமாறும், கையால் திருத்த நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, சொல் உருமாற்றம். ‘ஊதியம்’ என்று தேடினால் ‘ஊதியத்தை’, ‘ஊதியத்திற்கு’ வர வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் இருக்கிறது, ஓரளவு உதவும். ஆனால் அதைவிட நூறு வரிக் கைப்பட்டியல் ஒன்று அதிகம் உதவும். ஆசிரியர் ‘இன்சென்டிவ்’ என்பார், ஆணையில் ‘ஊக்க ஊதிய உயர்வு’ என்றிருக்கும், ஆங்கில ஆணையில் ‘அட்வான்ஸ் இன்கிரிமென்ட்’ என்றிருக்கும். இந்த மூன்றும் ஒன்றுதான் என்று ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்குத் தெரியும். அவரோடு இரண்டு மாலை உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: காசு எங்கிருந்து வரும்

கூகுளின் நிரல் தேடலுக்கு வருகிறேன் என்றேனே. அது பயனில்லாமல் மூடப்படவில்லை. இன்றும் அதை நினைத்து ஏங்கும் நிரலாளர்கள் உண்டு. ஆனால் அந்த நிறுவனத்தின் வருமானத்தில் அதற்கு ஓர் இடம் இல்லை. உங்களுக்கும் சர்வர் வாடகை உண்டு, ஆகவே இதை முன்கூட்டியே யோசியுங்கள். தேடல் பெட்டிக்குக் காசு கேட்டால் ஆட்கள் கூகுளுக்கே போய்விடுவார்கள். தேடாமலே வந்து சேர்வதற்குத் தருவார்கள்: டெண்டர் தளங்கள் பல, தினமும் காலையில் அனுப்பும் அறிவிப்புக்குத்தான் சந்தா வாங்குகின்றன. இந்தியன் கானூன் மற்ற மென்பொருள்கள் தன் தரவை எடுக்கக் கட்டணம் வாங்குகிறது. ஷோடனில் ஆழமாகத் தேட உறுப்பினராக வேண்டும். அரசாணை என்றால், ‘நீங்கள் குறித்து வைத்த ஆணையைத் திருத்தி இன்று புதிய ஆணை வந்திருக்கிறது’ என்ற ஒரு வரிச் செய்திக்குச் சங்கம் சந்தா கட்டும் என்று நினைக்கிறேன். தனி ஆசிரியர் கட்டமாட்டார்.

படி 7: விடை வராத தேடல்களின் பட்டியல்

கருவி வெளியே போன பிறகு தினமும் பார்க்க வேண்டிய ஒரே கோப்பு, விடையே வராத தேடல்களின் பதிவு. யார் தேடினார் என்பதைப் பதிய வேண்டாம், சொல்லும் தேதியும் போதும். அதில் வருபவை ஏறக்குறைய மூன்று வகை. எழுத்துப்பிழையும் வேறு சொல்லும் முதல் வகை. அவை கைப்பட்டியலுக்குப் போகும். உங்களிடம் இல்லாத ஆவணங்கள் இரண்டாவது; ஒரே துறையைப் பலர் கேட்டால் அடுத்து அதைத்தான் சேர்க்க வேண்டும். மூன்று மாதம் ஆகியும் இந்தப் பட்டியல் காலியாகவே இருக்கிறது, தேடலே பத்துப் பதினைந்துதான் என்றால் நீங்கள் ஆளைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். முதல் படிக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வகை சுவாரசியமானது: இல்லாத ஆவணங்கள். திடீரென்று ஒரு நாள் ஒரே எண்ணை நாற்பது பேர் தேடியிருப்பார்கள். விசாரித்தால் வாட்ஸாப்பில் யாரோ கிளப்பிவிட்ட போலி அரசாணை. அந்த நாற்பது பேருக்கும் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற வெற்றுப் பக்கத்தைக் காட்டாதீர்கள். “பள்ளிக்கல்வித் துறையில் இந்த ஆண்டு நிலை அரசாணைகள் இன்று காலை வரை 162 வரை வந்துள்ளன, நீங்கள் தேடும் 215 இன்னும் வெளியாகவில்லை” என்று எழுதி, கீழே கடைசி ஆணையின் இணைப்பைக் கொடுங்கள். அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதே குழுவில் யாராவது ஒருவர் போடுவார்.